ஒரே ரூட்டர், மூன்று கணினி: பென்டிரைவ் இல்லாமல் கோப்புகளைப் பகிர்வது எப்படி?

என் மாமா ஒரு சிறிய ஊரில் போட்டோ ஸ்டூடியோ நடத்துகிறார். முகூர்த்த நாளுக்கு மறுநாள் காலையில் அங்கே போனால், மெமரி கார்டுகளில் உள்ள படங்கள் முன்னறைக் கணினியில் இறங்கிக்கொண்டிருக்கும். ஆல்பம் வடிவமைப்பவர் உள்ளறையில் உட்கார்ந்திருப்பார். பிரிண்டரோடு இணைத்த கணினி மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது. இந்த மூன்றுக்கும் நடுவே ஒரு பென்டிரைவ் காலை முதல் இரவு வரை கைமாறிக்கொண்டே இருந்தது. திருத்திய படம் எந்தக் கணினியில் இருக்கிறது, திருத்தாத படம் எதில் இருக்கிறது என்று கேட்டால் மூன்று பேரும் மூன்று பதில் சொல்வார்கள். வீடியோ கோப்பு 4 ஜிபியைத் தாண்டிவிட்டால் இன்னொரு தொல்லை. ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்த பென்டிரைவ் அவ்வளவு பெரிய கோப்பை ஏற்றுக்கொள்ளாது.

அந்த மூன்று கணினிகளும் ஒரே ரூட்டரோடு இணைந்தவை. அவற்றுக்கிடையே பாதை ஏற்கெனவே போடப்பட்டிருந்தது, யாரும் அதில் நடக்கவில்லை, அவ்வளவுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் உட்கார்ந்து அதைச் சரிசெய்தோம். அதன்பிறகு நண்பர்களின் வீடுகளிலும் கடைகளிலும் இதே வேலையைப் பலமுறை செய்திருக்கிறேன். எல்லோரும் தடுக்கி விழுவது ஏறக்குறைய அதே மூன்று நான்கு இடங்களில்தான். அந்த இடங்களில் நின்று நிதானமாகச் சொல்கிறேன். விண்டோஸ் 11 கணினியை வைத்தே எழுதுகிறேன். விண்டோஸ் 10இல் சில பட்டியல்கள் இடம் மாறியிருக்கும், வேலை ஒன்றுதான்.

இணையம் இதில் எங்கும் வராது

புதியவர்களுக்கு முதலில் இது மனத்தில் பதிய வேண்டும். வீட்டுக்குள் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குக் கோப்பு போகும்போது அது ரூட்டர் வரை போய், அங்கிருந்து அடுத்த கணினிக்குத் திரும்பிவிடும். வெளியே போவதில்லை. உங்கள் டேட்டா கணக்கில் ஒரு எம்பிகூடக் குறையாது. இணைய இணைப்பு அறுந்து கிடந்தாலும் ரூட்டருக்கு மின்சாரம் இருந்தால் போதும், பகிர்வு நடக்கும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் குறைந்துவிடுகிறதே, அந்தக் குறையும் இங்கே இல்லை. வட்டில் உள்ள கோப்பு அப்படியே போய்ச் சேரும்.

இரண்டு கருவிகளும் ஒரே வலையில் (நெட்வொர்க்கில்) இருக்கின்றனவா என்று பார்க்க ஐபி எண் உதவும். வலைக்குள் ஒவ்வொரு கருவிக்கும் உள்ள முகவரி அது. 'செட்டிங்ஸ்' திறந்து 'நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்' பகுதிக்குப் போங்கள். வைஃபை என்றால் அந்த இணைப்பின் 'பிராப்பர்ட்டீஸ்', கேபிள் என்றால் 'ஈத்தர்நெட்'. அங்கே 'ஐபிவி4 அட்ரஸ்' என்ற வரியில் 192.168.1.10 போல ஓர் எண் இருக்கும். மற்றக் கணினியிலும் இதே போலப் பாருங்கள். வீட்டு ரூட்டர்களில் பெரும்பாலும் முதல் மூன்று பகுதிகள் ஒத்துப்போகும், கடைசி எண் மட்டும் மாறும். ஒத்துப்போகவில்லை என்றால் ஒன்று விருந்தினர் வைஃபையில் சேர்ந்திருக்கலாம், அல்லது வீட்டில் இரண்டாவது ரூட்டர் ஒன்று தனி வலையாக ஓடிக்கொண்டிருக்கலாம். எண் 169.254 என்று தொடங்கினால் அந்தக் கணினிக்கு ரூட்டரிடமிருந்து முகவரியே கிடைக்கவில்லை. அப்போது கேபிளையும் ரூட்டரையும் பார்க்க வேண்டும், பகிர்வு அமைப்புகளை நோண்டிப் பயனில்லை.

கோப்பு இருக்கும் கணினியில் செய்ய வேண்டியவை

எந்தக் கணினியில் கோப்புகள் நிரந்தரமாக இருக்கப் போகின்றன என்று முடிவு செய்யுங்கள். ஸ்டூடியோவில் அது முன்னறைக் கணினி. பெரிய வட்டும் யுபிஎஸ் இணைப்பும் உள்ளதைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

முதல் வேலை, அதற்கு ஒரு நல்ல பெயர். விண்டோஸ் தானாக வைக்கும் பெயர் 'டெஸ்க்டாப்' என்று தொடங்கி எழுத்தும் எண்ணும் கலந்து நினைவில் நிற்காமல் இருக்கும். 'சிஸ்டம்' பகுதியின் மேலே 'ரீநேம்' என்று இருப்பதை அழுத்தி, ஆங்கில எழுத்துகளில், இடைவெளி இல்லாமல், 15 எழுத்துகளுக்குள் ஒரு பெயர் கொடுங்கள். மாமாவின் கணினிக்கு 'ஸ்டூடியோ' என்றே வைத்தோம். மாற்றியதும் ஒருமுறை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும்.

அடுத்தது வலையின் வகை. புதிதாக இணையும் எந்த வைஃபையையும் விண்டோஸ் 11 பொது இடமாகவே எடுத்துக்கொள்கிறது. பேருந்து நிலையத்து வைஃபையில் இணைந்திருக்கும்போது அது சரியான எச்சரிக்கை. வீட்டில் அப்படியே விட்டால் உங்கள் கணினி மற்றக் கணினிகளிடமிருந்து ஒளிந்துகொள்ளும். முன்பு ஐபி எண் பார்த்த அதே பக்கத்தில் 'பப்ளிக் நெட்வொர்க்', 'பிரைவேட் நெட்வொர்க்' என்று இரண்டு இருக்கும். 'பிரைவேட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். பிறகு 'நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்' பக்கத்துக்குத் திரும்பி, 'அட்வான்ஸ்டு நெட்வொர்க் செட்டிங்ஸ்', அதற்குள் 'அட்வான்ஸ்டு ஷேரிங் செட்டிங்ஸ்' திறந்து, 'பிரைவேட் நெட்வொர்க்ஸ்' தலைப்பின் கீழ் உள்ள 'நெட்வொர்க் டிஸ்கவரி', 'ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங்' இரண்டையும் இயக்குங்கள். 'பப்ளிக்' தலைப்பின் கீழ் இரண்டும் அணைந்தே இருக்கட்டும்.

அதே பக்கத்தின் கீழே 'ஆல் நெட்வொர்க்ஸ்' பகுதியில் 'பாஸ்வேர்டு புரொடெக்டட் ஷேரிங்' என்று ஒன்று இருக்கும். யூடியூபில் இந்த வேலையைச் சொல்லித்தரும் பலர் முதல் காரியமாக அதை அணைக்கச் சொல்கிறார்கள். தயவுசெய்து அணைக்காதீர்கள். அணைத்தால் உங்கள் வைஃபை பாஸ்வேர்டு தெரிந்த ஒவ்வொருவருக்கும், வந்து போகும் வாடிக்கையாளருக்கும்கூட, அந்த ஃபோல்டர் திறந்துவிடக்கூடும். ஒரு குடும்பத்தின் கல்யாணப் படங்களை வைத்திருப்பவருக்கு அதைப் பூட்டி வைக்கும் பொறுப்பும் உண்டு. அதோடு, பாஸ்வேர்டு இல்லாத விருந்தினர் இணைப்பை மைக்ரோசாஃப்ட் படிப்படியாக மூடிவருகிறது. விண்டோஸ் 11 புரோவின் 24எச்2 பதிப்பில் அப்படிப்பட்ட இணைப்பு இயல்பாகவே மறுக்கப்படுகிறது. இன்று குறுக்கு வழியில் போட்ட அமைப்பு, அடுத்த அப்டேட்டில் வேலை செய்யாமல் நிற்கும்.

பாஸ்வேர்டு சிக்கலும் அதற்கு எளிய தீர்வும்

தடுக்கி விழுபவர்களில் பெரும்பாலோர் விழுவது இங்கேதான். இரண்டாவது கணினியிலிருந்து இணையும்போது பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும் ஒரு சிறு பெட்டி வரும். அங்கே எதைத் தட்டினாலும் தவறு என்கிறது. காரணம், காலையில் கணினியைத் திறக்க நாம் தட்டுவது பின் எண். அந்தப் பின் எண் அந்தக் கணினியின் முன் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும்தான் செல்லும், நெட்வொர்க் வழியாக வருபவருக்குச் செல்லாது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைபவர் என்றால் அந்தக் கணக்கின் மின்னஞ்சலையும் முழுப் பாஸ்வேர்டையும் தர வேண்டும். பலருக்கு அந்தப் பாஸ்வேர்டே மறந்துபோயிருக்கும். பாஸ்வேர்டே வைக்காத கணக்கு என்றால், நெட்வொர்க் வழியாக நுழைய விண்டோஸ் அதை அனுமதிக்காது.

இதற்கு நான் எப்போதும் செய்வது, பகிர்வுக்கென்றே தனியாக ஒரு கணக்கு திறப்பது. ஐந்து நிமிட வேலை. உங்கள் சொந்தப் பாஸ்வேர்டை யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை என்பது இதில் கிடைக்கும் நிம்மதி.

1. 'செட்டிங்ஸ்' திறந்து 'அக்கவுன்ட்ஸ்', அதற்குள் 'அதர் யூசர்ஸ்' போய், 'ஆட் அக்கவுன்ட்' அழுத்துங்கள்.
2. மின்னஞ்சல் கேட்கும். அந்த நபரின் விவரம் என்னிடம் இல்லை என்ற பொருளில் கீழே ஒரு வரி இருக்கும், அதை அழுத்துங்கள்.
3. அடுத்த திரையில், மைக்ரோசாஃப்ட் கணக்கு இல்லாமல் பயனரைச் சேர்ப்பதற்கான வரியைத் தேர்ந்தெடுங்கள்.
4. 'ஆல்பம்' போல ஒரு சிறு பெயரை ஆங்கில எழுத்தில் கொடுத்து, நல்ல பாஸ்வேர்டு ஒன்று வையுங்கள். இரண்டையும் ஒரு தாளில் எழுதி மேசை இழுப்பறையில் வைத்துவிடுங்கள்.

இந்தக் கணக்கு 'ஸ்டாண்டர்டு யூசர்' வகையிலேயே இருக்கட்டும். அட்மினிஸ்ட்ரேட்டர் ஆக்க வேண்டாம்.

ஃபோல்டரைப் பகிர்தல்

பகிர்வதற்குத் தனி ஃபோல்டர் ஒன்றை டி டிரைவில் நேராக உருவாக்குங்கள். டி டிரைவ் இல்லையென்றால் சி டிரைவிலேயே நேராக உருவாக்கலாம். டெஸ்க்டாப்பிலோ 'டாகுமென்ட்ஸ்' உள்ளேயோ இருக்கும் ஃபோல்டரைப் பகிராதீர்கள். அவை உங்கள் பயனர் ஃபோல்டருக்குள் அடங்கியவை. எளிய முறையில் அவற்றைப் பகிரும்போது விண்டோஸ் 'யூசர்ஸ்' என்ற தாய் ஃபோல்டரையே நெட்வொர்க்கில் நிறுத்திவிடும். உள்ளே நுழைய எல்லோருக்கும் உரிமை இல்லைதான். ஆனாலும் முகவரி நீண்டு, எது பகிரப்பட்டது, எது பகிரப்படவில்லை என்பது உங்களுக்கே குழம்பிவிடும். முழு டிரைவையும் பகிர்வது அதைவிட மோசம்.

ஃபோல்டர்மீது ரைட் கிளிக் செய்து 'பிராப்பர்ட்டீஸ்', அதில் 'ஷேரிங்' பக்கம், அங்கே 'ஷேர்' பொத்தான். வரும் பட்டியலில் நாம் திறந்த 'ஆல்பம்' கணக்கைத் தேர்ந்தெடுத்து 'ஆட்' அழுத்துங்கள். பக்கத்தில் 'ரீடு', 'ரீடு/ரைட்' என்று இரண்டு உரிமைகள். பார்க்கவும் நகலெடுக்கவும் மட்டும் என்றால் 'ரீடு'. சேர்க்கவும் மாற்றவும் அழிக்கவும் வேண்டும் என்றால் 'ரீடு/ரைட்'. கீழே 'ஷேர்' அழுத்தினால் வேலை முடிந்தது.

அதே பக்கத்தில் 'அட்வான்ஸ்டு ஷேரிங்' என்ற பொத்தானும் இருக்கும். புதியவர்கள் இப்போதைக்கு அதைத் தொட வேண்டாம். விண்டோஸில் ஒரு ஃபோல்டருக்கு நெட்வொர்க் உரிமை, வட்டின் உரிமை என்று இரண்டு கதவுகள் உண்டு. நெட்வொர்க்கில் வருபவருக்கு இரண்டில் எது இறுக்கமானதோ அதுதான் செல்லும். எளிய 'ஷேர்' பொத்தான் இரண்டையும் சேர்த்தே திறக்கிறது. 'அட்வான்ஸ்டு' வழியில் நெட்வொர்க் உரிமை மட்டும் மாறும், 'செக்யூரிட்டி' பக்கத்தில் இரண்டாவதை நீங்களே மாற்ற வேண்டும். "முழு உரிமை கொடுத்துவிட்டேன், இன்னும் அனுமதி இல்லை என்கிறதே" என்று கேட்பவர்களின் கணினியைத் திறந்து பார்த்தால் கிட்டத்தட்ட எப்போதும் இதுதான் காரணம்.

ஸ்டூடியோவில் ஒன்றுக்கு இரண்டு ஃபோல்டர்கள் வைத்தோம். 'மூலம்' என்பதில் கேமராவிலிருந்து இறங்கிய படங்கள், ரீடு உரிமை மட்டும். 'வேலை' என்பதில் திருத்தியவை, ரீடு/ரைட் உரிமை. இந்தப் பிரிவினை ஒரு சம்பவத்துக்குப் பிறகு வந்தது. தொடக்கத்தில் எல்லாம் ஒரே ஃபோல்டரில் இருந்தன. வேலைக்குப் புதிதாக வந்த தம்பி உள்ளறைக் கணினியிலிருந்து ஒரு நிச்சயதார்த்தப் படத் தொகுப்பைத் தவறுதலாக அழித்துவிட்டான். ரீசைக்கிள் பின்னில் தேடினோம், இரண்டு கணினிகளிலும் இல்லை. நெட்வொர்க் வழியாக அழிக்கும் கோப்பு ரீசைக்கிள் பின்னுக்குப் போவதில்லை, நேராக மறைந்துவிடும். மெமரி கார்டை அன்று வரை யாரும் ஃபார்மட் செய்யாமல் இருந்ததால் படங்கள் தப்பின. மீண்டும் எடுக்க முடியாத எதையும் ரீடு உரிமையில் மட்டும் பகிருங்கள் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான். பகிர்ந்த ஃபோல்டருக்கு வேறொரு வட்டில் ஒரு நகலும் கட்டாயம் இருக்க வேண்டும். அந்த நகல் வட்டை வேலை முடிந்ததும் கழற்றி வையுங்கள்.

மற்றக் கணினியிலிருந்து நுழைதல்

முதலில் அதே கணினியிலேயே ஒருமுறை சோதியுங்கள். விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்தினால் ஒரு சிறு பெட்டி வரும். அதில் இரண்டு பின்சாய்வுக் கோடுகள் போட்டு, தொடர்ந்து ஐபி எண்ணைத் தட்டுங்கள். இப்படி:

\\192.168.1.10

நீங்கள் பகிர்ந்த ஃபோல்டர் தெரிந்தால் பகிர்வு சரி. பிறகு உள்ளறைக் கணினிக்குப் போய் அங்கும் இதையே தட்டுங்கள். பெயர் கேட்கும் இடத்தில் முதலில் கணினியின் பெயர், பிறகு ஒரு பின்சாய்வுக் கோடு, பிறகு கணக்கின் பெயர் என்று தருவது பாதுகாப்பான வழி. இந்தக் கணக்கு எந்தக் கணினியைச் சேர்ந்தது என்ற சந்தேகம் அப்போது எழாது. பாஸ்வேர்டைத் தட்டி, நினைவில் வைத்துக்கொள்ளும் கட்டத்தில் டிக் போட்டுவிடுங்கள்.

ஃபைல் எக்ஸ்புளோரரின் இடப்பக்கத்தில் 'நெட்வொர்க்' என்ற இடத்தில் கணினியின் பெயர் தோன்றுகிறதா என்று காத்திருந்து நேரத்தை வீணாக்காதீர்கள். அது சில நாள் தோன்றும், சில நாள் தோன்றாது. தோன்றாவிட்டாலும் முகவரியைத் தட்டினால் வேலை செய்யும். ஒருமுறை நுழைந்துவிட்டால் அந்த ஃபோல்டர்மீது ரைட் கிளிக் செய்து 'மேப் நெட்வொர்க் டிரைவ்' கொடுங்கள். 'இசட்' போன்ற ஓர் எழுத்தோடு அது தனி டிரைவாக நின்றுவிடும். கணினி பழகாதவர்களுக்கு "இசட் டிரைவில் போடுங்கள்" என்று சொன்னால் போதும்.

ஐபி எண் நாளை மாறிவிட்டால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். ரூட்டர் தரும் எண் மாறக்கூடியதுதான். எண்ணுக்குப் பதில் கணினியின் பெயரைத் தட்டலாம், பெரும்பாலும் வேலை செய்யும். உறுதியாக வேண்டுமென்றால் ரூட்டரின் பக்கத்தில் டிஎச்சிபி ரிசர்வேஷன் என்ற வசதி இருக்கிறதா என்று பார்த்து, இந்தக் கணினிக்கு இந்த எண்தான் என்று கட்டிப்போடுங்கள்.

மேக், லினக்ஸ், கைப்பேசி

விண்டோஸ் இதற்குப் பயன்படுத்தும் மொழியின் பெயர் எஸ்எம்பி. 1980களில் ஐபிஎம் நிறுவனத்தில் பிறந்தது. 1990களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவின் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் என்ற நிரலாளர், லினக்ஸுக்கு முன்னோடியான யுனிக்ஸ் கணினிகளும் அந்த மொழியைப் பேசும்படி 'சாம்பா' என்ற கட்டற்ற மென்பொருளை எழுதத் தொடங்கினார். இன்று லினக்ஸ் கணினி விண்டோஸோடு கோப்பு பகிர முடிவது அந்த உழைப்பால்தான். ஆப்பிளும் 2013இல் தன் மேக் கணினிகளில் எஸ்எம்பியையே முதன்மை முறையாக எடுத்துக்கொண்டது. எனவே நாம் பகிர்ந்த ஃபோல்டரை எல்லாக் கருவிகளிலும் திறக்கலாம்.

மேக்கில் ஃபைண்டரைத் திறந்து கமாண்டு விசையையும் கே விசையையும் அழுத்துங்கள். லினக்ஸில் கோப்பு மேலாளரின் 'அதர் லொகேஷன்ஸ்' அல்லது 'நெட்வொர்க்' பகுதி. இரண்டிலும் எஸ்எம்பி என்பதன் மூன்று ஆங்கில எழுத்துகள், ஒரு முக்காற்புள்ளி, இரண்டு முன்சாய்வுக் கோடுகள், பிறகு ஐபி எண். சாய்வுக் கோட்டின் திசை விண்டோஸுக்கு நேர்மாறானது என்பதைக் கவனியுங்கள். ஐபோனில் 'ஃபைல்ஸ்' செயலியின் மூன்று புள்ளிகளை அழுத்தினால் 'கனெக்ட் டு சர்வர்' வரும். சாம்சங் கைப்பேசியில் 'மை ஃபைல்ஸ்' செயலிக்குள் நெட்வொர்க் ஸ்டோரேஜ் வசதி உண்டு. மற்ற ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில், வீடியோ பார்க்க மட்டும் என்றால் விஎல்சி செயலியே போதும்.

இணையவில்லை என்றால்

நேற்று வரை வேலை செய்தது, இன்று இல்லை என்றால் முதல் சந்தேகம், கோப்பு இருக்கும் கணினி உறங்கிவிட்டதா என்பது. 'சிஸ்டம்' பகுதியில் 'பவர்' அமைப்புக்குப் போய், உறக்க நேரத்தை 'நெவர்' என்று மாற்றுங்கள். திரை அணைந்தால் பரவாயில்லை, கணினி விழித்திருக்க வேண்டும். இரண்டாவது, வலையின் வகை. ரூட்டரையோ வைஃபை பெயரையோ மாற்றியிருந்தால் அது புதிய வலை. மீண்டும் 'பப்ளிக்' ஆகியிருக்கும்.

பாஸ்வேர்டு சரியாக இருந்தும் மறுத்தால், முன்பு தவறாகத் தட்டியதை விண்டோஸ் நினைவில் வைத்திருக்கலாம். கன்ட்ரோல் பேனலில் 'கிரெடென்ஷியல் மேனேஜர்' திறந்து, 'விண்டோஸ் கிரெடென்ஷியல்ஸ்' பட்டியலில் அந்தக் கணினியின் பெயரில் உள்ள பதிவை நீக்கிவிட்டு மறுபடி முயலுங்கள். கேபிளில் இணைந்த கணினிகள் பேசிக்கொள்கின்றன, வைஃபை கருவி மட்டும் நுழைய முடியவில்லை என்றால் ரூட்டரில் கருவிகளைப் பிரித்துவைக்கும் 'ஐசொலேஷன்' அமைப்பு இயங்குகிறதா என்று பாருங்கள். தனியாக வாங்கிப் போட்ட ஆன்டிவைரஸும் சில நேரம் கதவை மூடும். அப்போது அதன் ஃபயர்வால் (நெட்வொர்க் வழியாக வரும் இணைப்புகளைத் தடுக்கும் காவல்) பகுதியில் உங்கள் வலையை நம்பகமானதாகக் குறியுங்கள். ஃபயர்வாலையே அணைத்துவிட்டு அப்படியே மறந்துபோகிறவர்கள் நிறைய.

பழைய டிவி பெட்டியோ ஸ்கேனரோ இணைய மறுக்கும்போது, எஸ்எம்பி 1.0 வசதியை விண்டோஸில் திரும்ப இயக்கச் சொல்லும் குறிப்புகள் கண்ணில் படும். வேண்டாம். 2017 மே மாதம் உலகெங்கும் மருத்துவமனைகளையும் அலுவலகங்களையும் முடக்கிய, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வானாக்ரை என்ற வைரஸ் பரவியது அந்தப் பழைய பதிப்பில் இருந்த ஓட்டை வழியாகத்தான். அதே ஆண்டின் பிற்பகுதியிலிருந்து விண்டோஸ் 10 புதிதாக நிறுவப்படும்போது அதைச் சேர்ப்பதை மைக்ரோசாஃப்ட் படிப்படியாக நிறுத்தத் தொடங்கியது.

வேகம்

எல்லாம் சரியாகி, வேகம் மட்டும் போதவில்லை என்றால் கேபிளைப் பாருங்கள். 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட், எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட்) இணைப்பில் நொடிக்கு ஏறக்குறைய 11 எம்பி (மெகாபைட்) போகும். ஒரு கல்யாணத்தின் 40 ஜிபி படங்களும் வீடியோவும் போய்ச் சேர ஒரு மணி நேரம். அதைவிடப் பத்து மடங்கு வேகமான ஜிகாபிட் இணைப்பில் நொடிக்கு 110 எம்பி வரை கிடைக்கும், வட்டு ஈடுகொடுத்தால் ஆறேழு நிமிடத்தில் முடியும். ஸ்டூடியோவில் ரூட்டரும் கணினிகளும் ஜிகாபிட் வகைதான், ஆனாலும் 11 எம்பியைத் தாண்டவில்லை. கேபிளின் முனையைப் பார்த்தபோது, கேபிள் போட்டவர் எட்டுக் கம்பிகளில் நான்கை மட்டும் இணைத்திருந்தது தெரிந்தது. ஜிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். புதிய கேட்6 கேபிள் வாங்கிப் போட்டதும் அன்றே வேகம் கூடியது.

வேகம் கூடினாலும் ஒன்று செய்யாதீர்கள். பெரிய ஆல்பம் வடிவமைப்புக் கோப்பை இசட் டிரைவிலிருந்து நேராகத் திறந்து வேலை செய்ய வேண்டாம். உங்கள் கணினிக்கு நகலெடுத்து, வேலை முடித்து, திரும்ப வையுங்கள். நடுவில் இணைப்பு அறுந்தால் கோப்பு கெடக்கூடும். ஒரே கோப்பை இருவர் திறந்திருந்தால் கடைசியாகச் சேமித்தவருடையது மற்றவருடையதை மூடிவிடும்.

யாராவது வேலையை விட்டுப் போனால் 'ஆல்பம்' கணக்கின் பாஸ்வேர்டை அன்றே மாற்றுங்கள். ஃபோல்டரின் பகிர்வே இனி வேண்டாம் என்றால் அதன்மீது ரைட் கிளிக் செய்து 'ஷோ மோர் ஆப்ஷன்ஸ்', அதில் 'கிவ் ஆக்சஸ் டு', அதற்குள் 'ரிமூவ் ஆக்சஸ்'. கோப்புகள் இருந்த இடத்திலேயே இருக்கும், நெட்வொர்க்கில் மட்டும் தெரியாது.